மூடியில் இருந்த ஓட்டை

போன வாரம் சென்னையிலிருந்து வந்திருந்த மச்சினர் மகன், மோட்டார் கொட்டகை ஓரமா சாக்கு போட்டு மூடி வச்சிருந்த ஆயில் எஞ்சினைப் பார்த்துட்டு, "மாமா, அதான் விவசாயத்துக்கு கரண்ட் இலவசமா வருதே, இந்தப் பழைய இரும்பை எதுக்கு வச்சிருக்கீங்க?"ன்னு கேட்டான். அவனுக்குச் சொன்ன கதையைத்தான் இங்கே எழுதுறேன்.

எங்க ஊர் ஒரத்தநாட்டுக்கும் மன்னார்குடிக்கும் நடுவில் இருக்கு. எஞ்சின் எங்க அப்பா வாங்கினது. 5 குதிரைத்திறன், ஒத்தை சிலிண்டர், ஹேண்டில் போட்டுச் சுத்துற ரகம். கரண்ட் இணைப்பு கிடைச்சதும் அதை ஓரங்கட்டிட்டோம். எடைக்குப் போடலாம்னு நானும் ரெண்டு தடவை வியாபாரியைக் கூப்பிட்டு, விலை படியாம விட்டுட்டேன்.

2018 நவம்பர் 16, வெள்ளிக்கிழமை விடிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியது. விடிஞ்சு வெளியே வந்தா தென்னை எல்லாம் ஒரே பக்கமா படுத்துக் கிடந்தது. மின்கம்பமும் அப்படித்தான். பல ஊர்களுக்கு வாரக்கணக்கில் கரண்ட் வரலை. போன் டவர் வேலை செய்யலை. தண்ணித் தொட்டியில் இருந்த தண்ணி ரெண்டு நாளில் தீர்ந்துபோச்சு. மூணாவது நாள் எங்க தெருவே குடத்தோட அலைஞ்சது. என் வீட்டில் மாடு மூணு, அதுக்கும் தண்ணி வேணும். அப்பதான் அந்தப் பழைய இரும்பு ஞாபகத்துக்கு வந்துச்சு.

என் தம்பி மகன் அப்போ பாலிடெக்னிக் படிச்சுக்கிட்டிருந்தான். விழுந்து கிடந்த மரத்தையெல்லாம் தாண்டி சைக்கிளைத் தூக்கிக்கிட்டுப் போய், பங்கில் வரிசையில் நின்னு ஒரு கேன் டீசல் வாங்கிட்டு வந்தான். எஞ்சினைத் துடைச்சு, ஆயில் மாத்தி, டீசல் ஊத்தி, லீவரைத் தூக்கிவிட்டு ஹேண்டிலைச் சுத்தினோம். ஏழெட்டு சுத்து சுத்தி லீவரை விட்டதும் 'டுப் டுப்'னு பிடிச்சுக்கிட்டுது. போர் குழாயில் தண்ணி வந்ததும் தெருப் பொம்பளைங்க கை தட்டினாங்க. பத்துக் குடம் நிறைஞ்சிருக்கும். எஞ்சின் சத்தம் இளைச்சு, ஏறி இறங்கி, மூச்சு விட்ட மாதிரி நின்னுபோச்சு.

டீசல் எஞ்சினில் பெட்ரோல் வண்டி மாதிரி பிளக் கிடையாது. பிஸ்டன் காத்தை அழுத்தோ அழுத்துன்னு அழுத்தும். அந்த அழுத்தத்திலேயே காத்து நெருப்பாச் சுடும். அதில் டீசலைப் பூவாத் தூவினா தானா பத்திக்கும். அவ்வளவுதான் விஷயம். ஒரு எஞ்சின் கிளம்பி நல்லா ஓடுதுன்னா அழுத்தம் இருக்குன்னு அர்த்தம். கறுப்புப் புகை இல்லைன்னா காத்தும் சரியாப் போகுதுன்னு வச்சுக்கலாம். அப்புறம் ஓடி ஓடி இளைச்சு நிக்குதுன்னா டீசல் வர்ற வழியில்தான் கோளாறு. வழி எதுன்னா, டேங்க், குழாய், பில்டர், பம்பு, நாசில். எங்க பாஷையில் சொன்னா டேங்க் மேட்டூர், பில்டர் கல்லணை, நாசில் கடைமடை. கடைமடைக்குத் தண்ணி வரலைன்னா மேட்டூரிலிருந்துதான் பார்த்துக்கிட்டு வரணும்.

இது எனக்குத் தெரியாததில்லை. ஆனா தெரு முழுக்க நின்னு பார்த்துக்கிட்டிருக்கும்போது தெரிஞ்சது எதுவும் கைக்கு வரலை.

முதல்ல ஏர் பிடிச்சிருக்குன்னு நினைச்சேன். டீசல் குழாயில் காத்து புகுந்தா எஞ்சின் நிக்கும். பில்டர் மேலே இருக்கிற ஸ்க்ரூவைத் தளர்த்தி, குமிழி போற வரைக்கும் டீசலை வழியவிட்டு முடுக்கினேன். வழிஞ்ச டீசலுக்குக் கொஞ்சம் ஊத்தி, சுத்தினேன். ஓடுச்சு. பத்து நிமிஷத்தில் நின்னுச்சு. அடுத்து பில்டரைக் கழட்டி உள்ளே இருந்ததை டீசலில் அலசி மாட்டினேன். ஓடுச்சு, நின்னுச்சு. ரப்பர் குழாய் வெடிச்சிருக்கும்னு அதை வெட்டிப் புதுசு போட்டேன். அதுக்கும் அதே கதைதான்.

சரி, டீசல் குறைவா இருக்குன்னு டேங்க் கழுத்து வரைக்கும் ஊத்தினேன். இப்ப மூணு நிமிஷத்திலேயே நின்னுடுச்சு. அதைப் பார்த்ததும் எனக்கு முடிவே வந்துடுச்சு: டீசல்தான் கெட்டது. நிறைய ஊத்தினா சீக்கிரம் நிக்குதுன்னா வேற என்ன?

"கேனைக் கழுவிட்டு ஈரத்தோட வாங்கினியாடா? ஒரு டீசல் வாங்கத் தெரியலை, இதுல எஞ்சினீயர் படிப்பு வேற!" எல்லாரும் இருக்கும்போதே சத்தம் போட்டேன். அவன் ஒண்ணும் பேசலை. கேனிலிருந்து ஒரு கண்ணாடி பாட்டிலில் டீசல் பிடிச்சு ராத்திரி திண்ணையில் வச்சான். தண்ணி கலந்திருந்தா அடியில் தங்கும். காலையில் பார்த்தா அடியில் ஒரு சொட்டு இல்லை. பாட்டிலை என் முன்னாடி வச்சுட்டுப் போயிட்டான். அப்பவும் எனக்கு வாய் வரலை. பம்புதான் போச்சு, கழட்டிடுவோம்னு ஸ்பானரை எடுத்தேன். பம்புக்குள்ள இருக்கிறது மயிரிழை இடைவெளி வேலை. சேத்துக் கையோட வரப்பு மேல வச்சுக் கழட்டியிருந்தா எஞ்சின் அத்தோட சரி.

"ஒரே ஒரு தடவை ஓட்டிப் பார்த்துட்டுக் கழட்டுங்க பெரியப்பா"ன்னான். ஓட்டினோம். சத்தம் இளைக்க ஆரம்பிச்சதும் அவன் ஓடிப்போய் டேங்க் மூடியைத் திருகித் திறந்தான். 'உஸ்'ஸுன்னு காத்து உள்ளே இழுக்கிற சத்தம் கேட்டுது. எஞ்சின் ரெண்டு தடவை திக்கிட்டு, மறுபடி நிமிர்ந்து ஓட ஆரம்பிச்சுது. அதுக்கப்புறம் நிக்கவே இல்லை.

டேங்க் மூடியில் ஊசி நுழையற அளவுக்கு ஒரு ஓட்டை உண்டு. டீசல் இறங்க இறங்க அந்த இடத்துக்குக் காத்து வரணும், அதுக்குத்தான் அது. எஞ்சின் சும்மா கிடந்த வருஷத்தில் மண்குளவி அதில் கூடு கட்டி அடைச்சிருக்கு. அந்த மண்ணை முதல் நாளே நான் பார்த்தேன். அழுக்குன்னு நினைச்சு மேலோட துடைச்சு விட்டிருந்தேன்.

அப்பதான் எல்லாம் விளங்குச்சு. ஒவ்வொரு வேலை முடிஞ்சதும் டீசல் ஊத்த மூடியைத் திறந்திருக்கோம். அப்ப காத்து உள்ளே போயிருக்கு. அதனால நான் செஞ்ச ஒவ்வொரு ரிப்பேரும் பத்து நிமிஷத்துக்குச் சரியான மாதிரி தெரிஞ்சிருக்கு. டேங்கை நிறைச்சப்ப உள்ளே காத்துக்கு இடமே குறைவு, கொஞ்சம் டீசல் இறங்கினதுமே இழுவை வந்து நின்னிருக்கு. டீசல் மேல ஒரு குத்தமும் இல்லை. வாங்கிட்டு வந்தவன் மேலயும் இல்லை.

"எப்படிடா கண்டுபிடிச்சே?"ன்னு கேட்டேன். "ஊத்தினதும் ஓடுது, மூடினதும் நிக்குது. நடுவுல நீங்க என்ன செஞ்சாலும் அது மாறலை பெரியப்பா"ன்னான்.

ஒரு ஊசியை வச்சு மண்ணைக் குத்தி எடுத்தோம். கரண்ட் வர்ற வரைக்கும் காலையும் சாயந்தரமும் அந்த எஞ்சின்தான் எங்க தெருவுக்குத் தண்ணி கொடுத்துச்சு. அன்னைக்குக் குடம் பிடிக்க வந்தவங்க எல்லாரும் இருக்கும்போது, "நேத்து இவனைத் திட்டினது என் தப்பு, கோளாறைக் கண்டுபிடிச்சது இவன்தான்"னு சொன்னேன். திட்டினது அவங்க முன்னாடிதானே, அதனால அவங்க முன்னாடியே சொன்னேன். அவன் ஹேண்டிலைத் துடைச்சுக்கிட்டே வேற பக்கம் திரும்பிக்கிட்டான்.

இப்ப மாசம் ஒரு தடவை கால் மணி நேரமாவது எஞ்சினை ஓட்டிவிடுறேன். மூடியைத் துடைக்கும்போது ஊசியும் கையில் இருக்கும். உங்க அடுக்குமாடியில் ஜெனரேட்டர் இருந்தா, அது ஓடி ஓடி நின்னா, ஆளைக் கூப்பிடுறதுக்கு முன்னாடி டேங்க் மூடியைக் கொஞ்சம் தளர்த்திப் பாருங்க. அதுக்குக் காசு செலவில்லை. அதுக்கப்புறம் யாரைத் திட்டுறதுன்னு முடிவு பண்ணிக்கலாம்.