ஏழாம் வகுப்பில் மூன்று மதம்

லீவுக்கு ஊருக்குப் போனால் சொந்தக்காரர்கள் கேட்கும் முதல் கேள்வி, டெல்லியில் குளிர் எப்படி. அடுத்தது, "அங்கல்லாம் ஸ்கூல்லயே மதம் சொல்லித் தர்றாங்களாமே, நிஜமாவா?"

நிஜம்தான், ஆனால் அவர்கள் நினைக்கிற மாதிரி இல்லை. முழுக்க அரசுப் பணத்தில் நடக்கும் பள்ளியில் மத போதனையே கூடாது என்கிறது அரசியல் சட்டத்தின் 28ஆவது பிரிவு. அரசு அங்கீகாரமோ உதவியோ பெற்ற மற்ற பள்ளிகளில், பெற்றோர் சம்மதம் இல்லாமல் பிள்ளையை மத வகுப்பிலோ வழிபாட்டிலோ உட்கார வைக்க முடியாது. மத போதனை வேறு, மதங்களைப் பற்றிப் படிப்பது வேறு என்று 2002ல் அருணா ராய் வழக்கில் உச்ச நீதிமன்றம் பிரித்துச் சொன்னது. அந்த 'பற்றி' என்ற ஒரு சொல்லில்தான் என் பிழைப்பு ஓடுகிறது. ஏழு முதல் ஒன்பது வரை சமூக அறிவியல் டீச்சர் நான். இந்தியில் பாடம். என் இந்தியைக் கேட்டுப் பசங்கள் சிரிப்பதெல்லாம் தனிக் கதை :-)

மூன்று மதங்களில் சுலபம் இந்து மதம்தான் என்று நினைப்பீர்கள். எனக்கு அதுதான் கஷ்டம். சீக்கியத்துக்கு ஒரு நூல் இருக்கிறது, பௌத்தத்துக்கு நான்கு உண்மைகள், எட்டு வழி என்று எண்ணிக் காட்டலாம். இதற்கு எங்கே ஆரம்பிப்பது? அதனால் வேதம், உபநிடதம் என்று தொடங்காமல், உங்கள் வீட்டில் சாமிக்கு என்ன படைப்பீர்கள் என்று எழுதிவரச் சொல்வேன். ஒரு வருஷம் பெங்காலிப் பெண் ஒருத்தி, காளி பூஜைக்கு மீன் வைப்போம் என்று படித்தாள். முன் பெஞ்சில் இரண்டு பேர் முகம் சுளித்தார்கள். பின் பெஞ்சில் இருந்த நம்மூர்ப் பையன், மதுரைப் பக்கம், எழுந்து "மேம், எங்க கருப்பசாமிக்குக் கிடா வெட்டுவோம், சுருட்டும் வைப்போம்" என்றான். அன்று அரை மணி நேரம் நான் வாயே திறக்கவில்லை. பாடப் புத்தகம் இரண்டு பக்கத்தில் சொல்ல முடியாததை அவர்களே பேசி முடித்தார்கள்.

சீக்கியப் பாடத்தில்தான் பிரச்சினை வந்தது. பள்ளிப் பேரெல்லாம் வேண்டாம். ஒரு மார்க் கேள்வி: சீக்கியம் எப்படி உருவானது? விடைத்தாள் திருத்தக் கொடுத்திருந்த குறிப்பில் 'இந்து, இஸ்லாம் இரண்டும் கலந்து' என்று இருந்தது. பட்கா கட்டிய பையன் ஒருவன், "குரு நானக் தொடங்கிய தனி மதம்" என்று எழுதியிருந்தான். வேறு செக்‌ஷன் டீச்சர் திருத்திய தாள், சுழி போட்டுவிட்டார்.

நான் தாளை எடுத்துக்கொண்டு ஒருங்கிணைப்பாளரிடம் போனேன். அவரும் படித்தவர்தான். அரசியல் சட்டத்தின் 25ஆவது பிரிவிலேயே, ஓர் இடத்தில் 'இந்து' என்றால் சீக்கியரும் சமணரும் பௌத்தரும் சேர்த்தி என்று விளக்கம் இருக்கிறதே என்றார். இருக்கிறது. கோயில் கதவை எல்லாருக்கும் திறந்துவிடும் சட்டங்களுக்காகப் போட்ட விளக்கம் அது. அதற்கு நேர் மேலே உள்ள விளக்கம், கிர்பான் அணிவது சீக்கிய மதத்தைப் பின்பற்றுவதில் அடங்கும் என்கிறது. 1993லேயே மத்திய அரசு சீக்கியரையும் பௌத்தரையும் தனிச் சிறுபான்மையாக அறிவித்துவிட்டது. எல்லாம் சொன்னேன். "ஒரு மார்க்தானே மேடம்" என்றார்.

அடுத்த பெற்றோர் கூட்டத்துக்குப் பையனின் தாத்தா வந்தார். வெள்ளைத் தாடி, வெளிர் நீலத் தலைப்பாகை. கோபமாகப் பேசுவார் என்று எதிர்பார்த்தேன், இல்லை. 1984 நவம்பரில் பக்கத்து வீட்டுக்காரர் ஒளித்துவைத்த அறையில் தன் முடியைத் தானே கத்தரித்துக்கொண்டதைச் சொன்னார். டெல்லியில் மட்டும் அப்போது கொல்லப்பட்ட சீக்கியர் 2,733 பேர் என்பது அரசே ஒப்புக்கொண்ட கணக்கு. "மறுபடி வளர்க்க வருஷங்கள் ஆச்சு மேடம்ஜி. பேரன் பேப்பர்ல எழுதினது தப்புன்னா, நான் எதுக்கு வளர்த்தேன்னு அவன் கேட்கிறான்" என்றார். ஒருங்கிணைப்பாளரும் பக்கத்தில்தான் இருந்தார். திங்கட்கிழமை அந்தக் கேள்வியை எல்லா செக்‌ஷனிலும் ரத்து செய்து, எல்லாருக்கும் ஒரு மார்க் போட்டார்கள். குறிப்பைத் திருத்த இன்னும் ஒரு வருஷம் பிடித்தது.

அதன் பிறகு நான் பாடத்தை பங்களா சாஹிப்புக்கே கொண்டுபோய்விடுவது வழக்கம். எட்டாவது குரு ஹர் கிருஷண் தங்கிய இடம். ஐந்து வயதில் குருவானவர், எட்டு வயது நிரம்பும் முன்பே 1664ல் டெல்லியில் அம்மை நோயில் இறந்துபோனார். தங்களைவிடச் சின்னவர் ஒருவர் குரு என்றதும் பசங்கள் கப்சிப். குரு கிரந்த சாஹிப்பில் குருமார்கள் பாடல் மட்டும் இல்லை, நெசவாளி கபீர், தோல் வேலை செய்த ரவிதாஸ், சூஃபி ஃபரீத் பாடல்களும் உண்டு என்பதையும் அங்கேயே சொல்வேன். பிறகு லங்கர். சப்பாத்தி உருட்டுவது, தரையில் வரிசையாக உட்கார்ந்து சாப்பிடுவது, பாத்திரம் தேய்ப்பது. வீட்டில் தட்டை எடுத்து வைக்காத பிள்ளைகள் எல்லாம் தேய்க்கும்! முதல் தடவை போனபோது ஒரு தமிழ் அம்மா போன் செய்தார். "டீச்சர், போன மாசம்தான் பையனுக்குப் பூணூல் போட்டோம், அங்க சாப்பிடலாமா?" சாப்பாட்டில் மாமிசம் கிடையாது, மற்றபடி உங்கள் இஷ்டம் என்றேன். பையன் மூன்று சப்பாத்தி சாப்பிட்டான்.

பௌத்தத்தில் வேறு சங்கடம். புத்தகங்கள் அதைப் பழங்கால விஷயமாகவே வைத்துவிடுகின்றன. கௌதமர், சாரநாத், அசோகர், சாஞ்சி, முடிந்தது. பௌத்தர்கள் இதே வகுப்பில் உட்கார்ந்திருக்கிறார்கள். லடாக் பெண் ஒருத்தி பாட்டியின் பிரார்த்தனைச் சக்கரத்தைப் பற்றிச் சொன்னபோது, நாக்பூர் பெண், எங்களிடம் அதெல்லாம் இல்லை, வீட்டில் புத்தர் படத்துக்குப் பக்கத்தில் பாபாசாகேப் படம் என்றாள். 1956 அக்டோபர் 14ல் அம்பேத்கரோடு நாக்பூரில் லட்சக்கணக்கானோர் பௌத்தம் தழுவினார்களே, அதில் அவளுடைய கொள்ளுத் தாத்தாவும் ஒருவர். உடனே ஒரு பையன், "புத்தர் விஷ்ணு அவதாரம்தானே மேம்?" அம்பேத்கர் அன்று எடுத்த 22 உறுதிமொழிகளில் ஒன்று, புத்தரை விஷ்ணுவின் அவதாரமாக ஏற்கமாட்டேன் என்பது. போர்டில் நடுவே கோடு போட்டேன். ஒரு பக்கம் 'இந்துக்கள் பலர் இப்படி நம்புகிறார்கள்', மறுபக்கம் 'இந்தப் பௌத்தர்கள் இதை மறுக்கிறார்கள்'. எது சரி என்று கேட்டார்கள். பரீட்சையில் இரண்டையும் எழுது என்றேன். நாக்பூர் பெண் இரண்டையும் நோட்டில் எழுதிவிட்டு, இரண்டாவதற்கு அடிக்கோடு போட்டுக்கொண்டாள். நான் எதுவும் சொல்லவில்லை.

நம்ம பிள்ளைகளுக்கு இதில் பங்கில்லை என்று நினைக்க வேண்டாம். அயோத்திதாசர் சென்னையில் சாக்கிய பௌத்த சங்கம் தொடங்கியது 1898ல், நாக்பூருக்கு 58 வருஷம் முன்னால். வகுப்பில் உள்ள தமிழ்ப் பசங்களில் ஒருத்தருக்கும் தெரியவில்லை, கூட்டிக்கொண்டு போக வந்த அப்பாக்களுக்கும் தெரியவில்லை.

அடுத்த மாசம் ஒன்பதாம் வகுப்பைத் தேசிய அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப்போக வேண்டும். பிப்ராவா அகழாய்வில் கிடைத்த புத்தரின் எலும்புத் துகள்களைத் தாய்லாந்து கொடுத்த பொன் மண்டபத்தில் வைத்திருக்கும் இடம். போன தடவை அங்கே வயதான அம்மா ஒருவர் தரையில் விழுந்து கும்பிட்டதைப் பார்த்து, மியூசியத்தில் எப்படிச் சாமி கும்பிடலாம் என்று பசங்கள் பஸ்ஸில் வழி நெடுகச் சண்டை போட்டார்கள். இந்தத் தடவை சம்மதப் படிவம் 41 கொடுத்தனுப்பினேன், 38 வந்திருக்கிறது. மீதி மூன்று வீட்டுக்கும் சனிக்கிழமை போன் பண்ண வேண்டும்.