எப்போதும்வென்றான்

வெடிக்கும் தீப்பெட்டிக்கும் பேர்போன எங்கள் சிவகாசிச் சீமையில் மழைதான் அபூர்வ விருந்தாளி. அதனாலோ என்னவோ, முருங்கை எங்களுக்கு உறவுக்காரன்.

சந்தையில் குவியும் பி.கே.எம்.1 செடிமுருங்கையின் பூர்விகம் தெரியுமோ? அருப்புக்கோட்டையிலிருந்து தூத்துக்குடி போகும் வழியில் எப்போதும்வென்றான் என்று ஒரு கரிசல் ஊர். அவ்வூர் நாட்டு ரகத்திலிருந்து பொறுக்கியெடுத்து, பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி 1989இல் வெளியிட்டது அது. விதை போட்ட ஆறே மாதத்தில் காய்ப்புக்கு வரும். இன்று ஆப்பிரிக்காவில்கூடச் சத்துள்ள கீரைக்காக வளர்க்கிறார்கள்.

கல்லூரியால் பொறுக்கத்தான் முடியும். பொறுக்குவதற்கு ஊரில் மிச்சம் இருக்க வேண்டாமோ? பேர் தெரியாத சம்சாரிகள் விதை காத்ததால்தான் அன்று இருந்தது.

காருக்கு இடம் வேண்டுமென்று எங்கள் வீட்டு நாட்டு முருங்கையை வெட்டச் சொல்கிறான் தம்பி. கார் தெருவிலேயே நிற்கட்டும்.