கூலிக்குக் கோல் காப்பவர்

கால்பந்தாட்டத்தில் ஓர் அணிக்குப் பதினொருவர் ஆடுகிறார்கள் என்பது புத்தகக் கணக்கு. பத்துப் பேர் ஆடுகிறார்கள், ஒருவர் வேலை பார்க்கிறார் என்பது, ஈரோட்டைச் சுற்றியுள்ள மைதானங்களில் கோல்கீப்பர்களின் முதுகுக்குப் பின்னால் நின்று பல ஆட்டங்களைப் பார்த்தபின் எனக்கு உண்டான அபிப்பிராயம். முன்களத்தில் ஓடுகிறவன் பத்து முறை தவறவிட்டு ஒரு முறை அடித்தால் அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆடுகிறார்கள். கம்பங்களுக்கு நடுவே நிற்கிறவன் பத்து முறை தடுத்து ஒரு முறை விட்டுவிட்டால், அந்த ஒன்றைத் தவிர வேறெதுவும் ஜனங்களின் ஞாபகத்தில் தங்குவதில்லை. இப்படிப்பட்ட ஒருதலைக் கணக்குக்குச் சம்மதித்து, நிலையான சங்கமும் நிரந்தரச் சம்பளமும் இல்லாமல், அழைத்த ஊருக்கெல்லாம் பையைத் தூக்கிக்கொண்டு போய்க் கோல் காத்துவிட்டு வருகிற மனிதர்கள் கொங்கு நாட்டிலும் இருக்கிறார்கள்.

பலருக்கு இது தெரியாமலிருப்பதில் ஆச்சரியமில்லை. ஈரோடு என்றால் மஞ்சள் மண்டியும் ஜவுளிச் சந்தையும். விளையாட்டு என்றால் கபடியும் வாலிபாலும். கால்பந்து இந்தப் பக்கத்தில் ரயில்வே காலனி, சில பள்ளிக்கூடங்கள், கோயமுத்தூர், அதற்கப்பால் மலையேறினால் நீலகிரி என்று திட்டுத்திட்டாகத்தான் வேர்பிடித்திருக்கிறது. அதனால் ஆட்டக்காரர்களும் குறைவு; அவர்களுள் கோலில் நிற்க இஷ்டப்படுகிறவர்கள் அதைவிடக் குறைவு.

நான் தேடிப்போனவர் காவிரிக்கு அக்கரையில், பள்ளிபாளையத்தில், ஒரு விசைத்தறிப் பட்டறையில் வேலை செய்பவர். வயது நாற்பதை நெருங்குகிறது. பெயரைப் போடவேண்டாமென்று ஆரம்பத்திலேயே கேட்டுக்கொண்டார். “ஓனருக்குத் தெரிஞ்சா, நெசமாலுமே காய்ச்சல்னு லீவு கேட்டாலும் மேட்சுக்குத்தான்னு நெனச்சுக்குவாருங்க” என்றார். காரணம் நியாயமாகப்பட்டதால் நானும் வற்புறுத்தவில்லை. ஷிப்டு முடித்து வந்து, ஒரு டீயைக் குடித்துவிட்டு, பக்கத்திலுள்ள பள்ளிக்கூட மைதானத்தில் இரண்டு பையன்களுக்குக் கோல் காக்கும் வித்தையைச் சொல்லிக்கொடுப்பது அவருடைய நித்திய வழக்கம்.

முதலில் என் கண்ணில் பட்டவை அவருடைய கைகள். இடது கைச் சுண்டுவிரல் நடுக்கணுவில் வளைந்து அப்படியே நின்றுவிட்டது. வலது கட்டைவிரலின் அடிப்பாகம் புடைத்திருந்தது. அறுந்த இழையைக் கண்ணிமைக்கும் நேரத்தில் முடிச்சுப் போடவேண்டிய தறித் தொழிலுக்கு இந்த விரல்கள் இடைஞ்சல் இல்லையா என்று கேட்டேன். “நூலு முடியறதுக்கு ரெண்டு வெரலு போதுமுங்க. பந்துக்குத்தான் பத்தும் வேணும்” என்று சொல்லிக்கொண்டே, விரல்கணுக்களில் வெள்ளை டேப்பைச் சுற்றி, அதன்மேல் கிளவுஸை மாட்டினார். மாட்டுவதற்கு முன் அதன் உள்ளங்கைப் பக்கத்தைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்தார். அந்த ரப்பர் நுரை காய்ந்திருந்தால் வழுக்கும், ஈரம் பட்டால்தான் பந்தைக் கவ்வும். புல்தரையில் மாதக்கணக்கில் உழைக்கக்கூடிய ஜோடி நம் ஊர்ச் சரளையில் நாலைந்து ஆட்டங்களுக்குள் தோலுரிந்துவிடுகிறதாம். ஆகவே பழையது அப்பியாசத்துக்கு, புதியது ஆட்டத்துக்கு என்று இரண்டு ஜோடி வைத்திருக்கிறார். இடுப்பெலும்பைக் காப்பாற்றுவதற்கு, சோபாவில் வைக்கும் ஸ்பாஞ்சை வெட்டி, தெரிந்த தையல்காரரிடம் கொடுத்து டவுசரின் இரு பக்கத்திலும் உள்ளே வைத்துத் தைத்திருக்கிறார். கடைகளில் விற்கும் உயர்ந்த சாமான்களைவிட இது நன்றாக இருக்கிறது என்பது அவர் தீர்ப்பு.

விழுவதற்கும் ஒரு சாஸ்திரம் இருக்கிறது. பையன்களை முதலில் மண்டியிடச் செய்து, பிறகு குந்தவைத்து, அப்புறம்தான் நின்ற நிலையிலிருந்து விழப் பழக்குகிறார். கெண்டைக்காலின் பக்கவாட்டில் ஆரம்பித்து, தொடை, இடுப்பு, விலா என்று தேகம் வரிசையாகத் தரையைத் தொடவேண்டும். முழங்கை ஒருபோதும் அடியில் சிக்கக்கூடாது. பந்து கையில் இருந்தால் அதையே முதலில் தரையில் ஊன்றி அதன்மேல் பாரத்தை இறக்கவேண்டும். இவ்வளவும் சொல்லிக்கொடுத்துவிட்டு, “ஆனா கண்ணு, உழுகறது கடேசி வேலை. நிக்கற எடத்துல நின்னா உழுகவே வேண்டாம்” என்றார். பார்வையாளர்கள் கைதட்டுவது பாய்ந்து பறந்து பிடிப்பதற்குத்தான். என்றாலும் அந்தப் பாய்ச்சல்களில் பாதி, முன்னதாக இரண்டடி தள்ளி நின்ற குற்றத்துக்குச் செலுத்தும் அபராதமே என்பது பல கீப்பர்களைப் பார்த்த எனக்கும் படுகிறது.

நிற்கும் இடத்தை அவர் விளக்கிய விதத்தை நான் எந்த விளையாட்டுப் புத்தகத்திலும் இவ்வளவு தெளிவாகக் கண்டதில்லை. 24 அடி அகலமும் 8 அடி உயரமும் உள்ள கோலின் இரண்டு கம்பங்களின் அடியிலும் பட்டறையிலிருந்து கொண்டுவந்த கயிறுகளைக் கட்டி, அவற்றின் மறுமுனைகளை, பெனால்டி கட்டத்தின் ஓரத்தில் வைத்த பந்தின் கீழே கொண்டுபோய்ச் சேர்த்தார். ஒரு பையனைக் கோட்டிலேயே நிற்கச் சொன்னார். கையை விரித்தும் இருபுறத்துக் கயிறும் அவனுக்கு எட்டவில்லை. ஐந்தாறு எட்டு முன்னால் வரச் சொன்னார். கயிறுகள் தாமே நெருங்கி வந்து, இருபுறமும் பையன் காக்கவேண்டிய இடம் குறைந்துவிட்டது. இன்னும் முன்னால் போனால் தலைக்கு மேல் தூக்கிப் போட்டுவிடுவார்கள் என்பதைக் காட்ட, பந்தை எடுத்து அவன் தலைக்கு மேலாக வலையில்லாத கோலுக்குள் மெதுவாக எறிந்தார். அவன் ஓடிப்போய் வேலியோரத்து முள்செடியிலிருந்து பந்தை எடுத்துவந்தான்.

குரலைப் பற்றியும் சொல்லவேண்டும். முழு மைதானத்தையும் எதிரே பார்த்துக்கொண்டிருப்பவர் கீப்பர் ஒருவர்தான் என்பதால், முன்னால் நிற்கிற நால்வருக்கும் கண்ணாக இருக்கவேண்டிய கடமையும் அவருடையதே. இவருடைய குரல் விசைத்தறிச் சத்தத்துக்கு மேலே பேசிப் பேசி உரமேறிய குரல். “ஏறு ஏறு”, “லெப்ட்ல ஆளு”, “கீப்பர் பால்” என்று அவர் இடும் அதட்டல், சாலைக்கு அப்பால் டீக்கடை வரையில் கேட்கிறது.

இந்தத் தொழிலாளி ஏன் ஊர் ஊராக அலையவேண்டும்? ஓர் அணியில் முன்களத்துக்கு ஐந்து பேர் போட்டியிட்டாலும் இரண்டு மூன்று பேருக்கு இடம் உண்டு. நடுவில் ஒருவர் வெளியே போய் மற்றொருவர் உள்ளே வர வசதியும் உண்டு. கோலில் இடம் ஒன்றே ஒன்று. முதல் கீப்பருக்கு விரல் ஒடிந்தால் அல்லது ஊரில் கல்யாணம் வந்தால் ஒழிய இரண்டாமவருக்கு வேலையில்லை. இந்த விதி பெரியவர்களையும் விட்டதில்லை. 1956 மெல்போர்ன், 1960 ரோம் ஆகிய இரண்டு ஒலிம்பிக் பந்தயங்களுக்கும் இந்தியா பீட்டர் தங்கராஜையும் எஸ்.எஸ். நாராயணனையும் சேர்த்தே அனுப்பியது. எந்த ஆட்டத்திலும் நிற்க ஒருவருக்குத்தான் முடிந்தது. சென்னையில் ரயில்வே, வங்கி போன்ற ஸ்தாபனங்கள் விளையாட்டு ஒதுக்கீட்டில் உத்தியோகம் கொடுத்து அணி சேர்த்ததுண்டு. அங்கும் கீப்பருக்கென ஒரு நாற்காலி காலியாக, ஒருவர் ஓய்வு பெறவேண்டும். நம்மவர் அப்படி ஒரு தேர்வுக்கு ஒருமுறை போய், கடைசி இருவரில் ஒருவராக நின்று, திரும்பி வந்தவர்.

தங்கராஜின் பெயரைச் சொன்னதும் அவர் முகம் மலர்ந்தது. 1935-இல் ஹைதராபாத்தில் பிறந்த அந்தத் தமிழர், ராணுவத்தில் சேர்ந்து நீலகிரியில் வெலிங்டனிலுள்ள மதராஸ் ரெஜிமெண்ட் மையத்துக்கு வந்தபோது முன்கள ஆட்டக்காரர். மேட்டுப்பாளையத்துக்கு மேலே, நம் மலைக்காற்றில்தான் அவர் கோல்கீப்பராக மாறினார். அந்த மையம் 1955-லும் 1958-லும் டுராண்ட் கோப்பையை வென்றது. அவர் கல்கத்தாவின் மூன்று பெரிய சங்கங்களுக்கும் கோல் காத்தார். 1962-இல் ஜகார்த்தாவில் ஆசியத் தங்கம், 1967-இல் அர்ஜுனா விருது. கொங்குச் சீமைக்கு இவ்வளவு அருகில் உருவான ஒருவருடைய பெயரில் இந்தப் பக்கத்தில் எனக்குத் தெரிந்து ஒரு பந்தயம்கூட நடப்பதில்லை.

நம்மவருடைய கல்கத்தா பாலக்காட்டுக் கணவாய்க்கு அந்தப் பக்கம் இருக்கிறது. கேரளத்தில் மழை ஓய்ந்து வயல்கள் காய்ந்ததும் செவன்ஸ் பந்தயங்கள் தொடங்குகின்றன. அணிக்கு ஏழு பேர், சிறிய மைதானம், மரத்தால் கட்டிய தற்காலிக கேலரி, ராத்திரி விளக்கொளி. ஆப்பிரிக்காவிலிருந்தெல்லாம் ஆட்டக்காரர்கள் வந்து ஆட்டத்துக்கு இவ்வளவு என்று கூலி பேசி ஆடுகிறார்கள். இந்திய கால்பந்து சம்மேளனத்தின் அங்கீகாரம் இதற்குக் கிடையாது. ஜனங்களின் அங்கீகாரம் தாராளமாக உண்டு. கூப்பிட்டால் இவர் மத்தியானம் ஈரோட்டில் ரயிலேறி, திருப்பூர், கோவை தாண்டிப் பாலக்காட்டில் இறங்கி, ஆட்டத்தை முடித்து, நள்ளிரவு வண்டியில் திரும்பிக் காலை ஷிப்டுக்கு நின்றுவிடுவார். மைதானம் சிறியதாதலால் கீப்பரை நோக்கிப் பந்து வந்துகொண்டே இருக்குமாம். “பதினொருத்தர் ஆட்டத்துல ஒரு மணி நேரத்துல வர்ற அடி, அங்க பத்து நிமிசத்துல வந்துருமுங்க. அதுலதான் கத்துக்கிட்டேன்” என்றார்.

தூரதேசத்திலும் இவருக்கு உறவினர் உண்டு. ஸ்காட்லாந்தில் நான்கு படிகளாக 42 சங்கங்கள் லீக்கில் ஆடுகின்றன. கீழ்ப்படிகளில் இருப்பவர்களில் பெரும்பாலோர் பகலில் வேறு வேலை பார்த்துவிட்டு, வாரத்தில் இரண்டு மாலை அப்பியாசத்துக்கு வருபவர்கள். அங்கே கீப்பர்கள் இரவல் போவது சர்வ சாதாரணம். ஜான் பரிட்ஜ் என்ற ஆங்கிலேயர் 1991-இல் ஹைபர்னியன் சங்கத்தோடு லீக் கோப்பை வென்றவர். அதன்பின்பும் ஓயாமல் டம்பார்ட்டன், ஃபால்கர்க் என்று சிறு சங்கங்களுக்குப் பெட்டி தூக்கியவர். அதே ஸ்காட்லாந்தில் கடலோரத்து ஊரான ஆர்ப்ரோத்தில் 1885 செப்டம்பர் 12 அன்று உள்ளூர் அணி போன் அக்கார்ட் அணியை 36-0 என்று வென்றது. தனி ஒருவராக 13 கோல் போட்ட ஜாக்கி பெட்ரியின் பெயரை இன்றும் சொல்கிறார்கள். கோலுக்கு வலை கட்டும் வழக்கம் அப்போது இல்லை. ஒவ்வொரு கோலுக்குப் பிறகும் பந்தைத் துரத்திப் போய் எடுத்துவர வேண்டியிருந்தது. இதை நான் சொன்னபோது நம்மவர் சிரிக்கவில்லை. “இங்க இன்னமும் அப்படித்தானுங்க” என்றார்.

கோவையில் மட்டும் ஒரு சிறு வெளிச்சம் வந்து போயிற்று. சென்னை சிட்டி சங்கம் நேரு ஸ்டேடியத்தைத் தன் சொந்த மைதானமாக்கிக்கொண்டு, 2019 மார்ச் 9 அன்று மினர்வா பஞ்சாபை 3-1 என்று வென்று, ஈஸ்ட் பெங்காலை ஒரே ஒரு புள்ளியில் பின்தள்ளி ஐ-லீக் பட்டம் பெற்றது. அந்தப் பருவத்தில் அதன் கோலில் நின்றவர் நௌசெத் சந்தானா என்ற ஸ்பானியர். அவரும் பிழைப்புக்காகக் கடல் கடந்து வந்த கீப்பர்தான். சில ஆட்டங்களைப் பார்க்கப் போயிருந்த நம்மவர், பந்து மறுகோடியில் இருக்கும்போதும் அந்த மனிதருடைய கால்களையே கவனித்ததாகச் சொன்னார்: எதிராளி உதைக்கும் கணத்தில் இரண்டு பாதங்களும் அசையாமல் தரையில் இருந்தனவாம். அந்தச் சங்கம் இப்போது தேசிய லீக்கில் இல்லை.

இனி ஓர் ஆட்டத்துக்கு முன் நான் கண்டதைச் சொல்லி, என் கோரிக்கைக்கு வருகிறேன். மற்றவர்கள் இன்னும் வந்து சேராத வேளையில், இவர் ஒரு கடப்பாரையோடு கோலுக்கு முன்னால் குனிந்திருந்தார். இறுகிப்போன மண்ணைக் கொத்திக் கிளறி, மேலே வந்த சரளைக் கற்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கம்பத்துக்குப் பின்னால் குவித்து, குழாயடியிலிருந்து நாலு குடம் தண்ணீர் கொண்டுவந்து தெளித்தார். இடைவேளைக்குப் பிறகு எதிரணிக் கீப்பர் நிற்கப்போகும் இடமும் அதுதானே என்றேன். “அவனும் எம்மட ஆளுதானுங்களே” என்றார்.

பந்தயம் நடத்தும் கமிட்டியார் மேடைக்கும் மாலைக்கும் ஒலிபெருக்கிக்கும் செலவிடுகிறார்கள். அதை வேண்டாமென்று நான் சொல்லவில்லை. கோலுக்கு முன்னாலுள்ள சிறு கட்டம் 20 கஜ நீளம், 6 கஜ அகலம்தான். இரண்டு பக்கத்திலும் அந்த இடத்தை அரையடி ஆழத்துக்கு வெட்டிக் கல்லை நீக்கி, வண்டல் மண்ணும் காங்கேயம், பொள்ளாச்சிப் பக்கம் மலையாகக் குவிந்து கிடக்கிற தென்னை நார்த்தூளும் கலந்து நிரப்பி, அருகம்புல் பதித்து, வாரம் இருமுறை தண்ணீர் விடுங்கள். இரண்டு கோலுக்கும் வலை வாங்கிக் கட்டுங்கள். கீப்பருக்குக் கொடுக்கிற கூலியை, கோல் போட்டவனுக்குக் கொடுக்கிற பரிசுக்குக் குறையாமல் கொடுங்கள். கோப்பையின் உயரத்தை ஓரடி குறைத்தால் இவ்வளவுக்கும் பணம் கிடைத்துவிடும்.