இருக்கன்குடிச் சாலையில் இழை இணைப்பவர்கள்

சாத்தூரிலிருந்து இருக்கன்குடி போகும் சாலையில் மின்கம்பத்தடியில் குடை விரித்து இரண்டு பேர் கண்ணாடி இழை இணைத்துக்கொண்டிருந்தார்கள். தமிழ்நாட்டின் 12,525 கிராம ஊராட்சிகளுக்கும் இணையம் கொண்டுபோகும் பாரத்நெட் வேலை.

மூத்தவர் நீலம், ஆரஞ்சு, பச்சை, பழுப்பு என நிற வரிசைப்படி இழைகளைப் பிரித்தார். மேற்பூச்சைச் சீவி, ஆல்கஹால் தொட்டுத் துடைத்து, கிளீவரில் வைத்து ஒரே வெட்டு. இழையின் பருமன் 125 மைக்ரான். அதற்குள் ஒளி ஓடும் கோர் 9 மைக்ரான்தான். “காத்து அடிச்சா வேலைய நிறுத்திருவேன் அண்ணாச்சி. ஒரு தூசி உக்காந்தா ஜாயிண்ட் போச்சு” என்றார். இரண்டு எலக்ட்ரோடுகளுக்கு நடுவே மின்பொறி பாய்ந்தது. முனைகள் உருகி ஒன்றாயின. திரையில் லாஸ் 0.02 டெசிபெல். இளையவர் ஓடிடிஆர் கருவியில் ஒளித்துடிப்பு அனுப்பிச் சரிபார்த்தார். ஒரு கிலோமீட்டர் போய்த் திரும்ப ஒளிக்கு ஏறத்தாழ 10 மைக்ரோ விநாடி. அந்த நேரத்தை வைத்தே கெட்ட ஜாயிண்ட் எந்த இடத்தில் என்று கருவி காட்டிவிடும்.

நான் அங்கே போனதற்குக் காரணம் வேறு. இதே இழையை உணரியாகவும் ஆக்கலாம். ஒளியை இரண்டு இழைகளில் பிரித்து அனுப்பி மறுபடி சேர்த்தால், ஒரு இழை லேசாக அதிர்ந்தாலும் சூடேறினாலும் இரண்டு அலைகளின் கட்டம் (phase) விலகும். சேர்ந்த வெளிச்சம் கூடும், குறையும். அந்த வெளிச்சத்திலிருந்து கட்டத்தை மீட்பதுதான் பண்பிறக்கம். அதில்தான் சிக்கல். இருக்கன்குடிக் கோயிலில் ஆடிக் கடைசி வெள்ளிக்குக் கூடும் கூட்டத்தில் நின்று குடை ராட்டினத்தை ஒரே பக்கமிருந்து பாருங்கள். குதிரை ஓரத்துக்கு வரும்போது அசையாதது போலத் தோன்றும். எந்தப் பக்கம் சுற்றுகிறது என்பதும் பிடிபடாது. ஒரே வெளியீட்டை வைத்துக் கட்டத்தைக் கணிப்பதும் இப்படித்தான். சுற்றிலும் மூன்று பேர் சம இடைவெளியில் நின்றால் ஒருவருக்காவது அசைவு தெளிவாகத் தெரியும். அதனால்தான் ஒளியை 120 பாகை இடைவெளியுள்ள மூன்று வெளியீடுகளாக எடுத்துக் கட்டத்தின் கோணத்தைக் கணக்கிடுகிறார்கள். ஒளிமூலத்தின் பலம் ஏறி இறங்கினாலும் இந்தக் கணக்கு தப்பாது. ஆனால் ஜாயிண்டில் ஒளி வீணானால் இரைச்சல் மேலோங்கி, எந்தக் கணக்கும் கைகொடுக்காது.

பட்டாசு ஆலைகளில் வெடிமருந்து புழங்கும் இந்த வட்டாரத்துக்கு இவ்வகை உணரி ரொம்பவே பொருந்தும் என்பது என் உறுதியான எண்ணம். கண்ணாடியில் மின்சாரம் ஓடாது. உலோகக் கம்பி இல்லாத கேபிளாகப் பார்த்து எடுத்தால் மருந்து அறைக்குள் மின்பொறிக்கு வழியில்லை. ஆனால் இழையை ஒட்டுவதே மின்பொறியால்! மூத்தவரிடம் கேட்டேன். “ஆலை காம்பவுண்டுக்குள்ள மெஷினைத் திறக்கவே மாட்டோம். கேபிளை நீளமா விட்டு, வெளிய கொண்டாந்து ரோட்டோரத்துலதான் ஜாயிண்ட் போடுவோம்” என்றார்.

பட்டாசு ஆலைகளுக்கு உணரி வடிவமைக்கும் பொறியாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஜாயிண்ட் எங்கே விழ வேண்டும் என்பதை வரைபடத்தில் முதலிலேயே குறியுங்கள். குறிக்கும் முன் இழை இணைக்கும் இவர்களைக் கூப்பிட்டு உட்காரவைத்துக் கேளுங்கள்.