தடம் பார்த்தவர்

பொதிகை மலையின் அடிவாரத்தில், பாபநாசத்துக்கும் அம்பாசமுத்திரத்துக்கும் இடைப்பட்ட ஒரு சிற்றூரில் பிறந்து, அங்கேயே 81 ஆண்டுகள் வாழ்ந்து, 2009ஆம் ஆண்டு மறைந்தவர் எங்கள் தாத்தா. தாமிரபரணிப் பாசனத்தில் இரண்டு கோட்டை விதைப்பாடு நிலம் அவருக்கு இருந்தது. காரும் பிசானமும் தவறாமல் விளைந்த வயல். ஆனால் வயலில் நின்ற நேரத்தைவிட மலையிலும் ஆற்றிலும் அவர் நின்ற நேரமே அதிகம் என்பது ஆச்சியின் தீராத மனக்குறை. பேரப்பிள்ளைகளாகிய நாங்கள் ஒன்பது பேரும் இப்போது வெவ்வேறு ஊர்களில் இருக்கிறோம். அவரைப் பற்றி ஆளுக்கொரு விதமாக நினைவில் வைத்திருப்பவற்றைச் சேர்த்து எழுதிப் பார்க்கலாம் என்று தோன்றியதன் விளைவு இக்கட்டுரை.

தாத்தா வேட்டையாடியவர். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. காரையாற்றில் அணை கட்டிய நாட்களில் அவர் சிறுவர். அங்கே வேலைக்குப் போன தம் தகப்பனாருக்குச் சோறு கொண்டு போனதில்தான் காடு அவருக்குப் பழக்கமாயிற்று. இருபது வயதுக்குள் நாட்டுத் துப்பாக்கி கைக்கு வந்துவிட்டது. வாழைத்தோட்டத்தைக் கிளறும் பன்றியில் தொடங்கி மிளா, கேளையாடு என்று அது நீண்டது. வெளியூரிலிருந்து வேட்டைக்கு வருபவர்களுக்கு வழிகாட்டியாகவும் போயிருக்கிறார். அந்த இறைச்சியை ஆச்சி வீட்டு அடுக்களையில் ஏற்றியதில்லை. புறக்கடையில் தனியடுப்பு மூட்டித் தாத்தாவே சமைப்பார்.

1962இல் முண்டந்துறை புலிகள் சரணாலயமாயிற்று. 1972இல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதன்பின் அவர் வேட்டைக்குப் போகவில்லை. மனம் மாறிவிட்டதாக அவர் ஒருநாளும் சொன்னதில்லை. "சட்டம் வந்திட்டு, நிறுத்திட்டேன்" என்பதோடு பேச்சை முடித்துக்கொள்வார். ஆனால் துப்பாக்கி உரிமத்தை மட்டும் விடாமல் புதுப்பித்து வந்தார். ஒவ்வொரு தேர்தலின்போதும் அதைக் காவல் நிலையத்தில் ஒப்படைத்துவிட்டு, வாக்கு எண்ணி முடித்தபின் போய் வாங்கி வருவார். அதற்குக் கொடுத்த ரசீதுகளை ஒரு கம்பியில் குத்தி வைத்திருந்தார். எங்கள் வீட்டில் இந்தியத் தேர்தல்களின் வரலாறு அந்தக் கம்பியில்தான் இருந்தது.

நாங்கள் அறிந்த தாத்தா அதற்குப் பிந்தியவர். எண்பதுகளின் கோடை விடுமுறைகளில், அதிகாலையில் எங்களில் இருவரை மட்டும் தேர்ந்து கூட்டிப்போவார். வாசனைச் சோப்புப் போட்டுக் குளித்தவனுக்கு அன்று இடமில்லை. வெள்ளைச் சட்டைக்காரனுக்கும் இல்லை. நடக்கத் தொடங்குமுன் ஒரு பிடி சாம்பலைத் தூவிக் காற்றின் திசையைப் பார்ப்பார். "மிளாவுக்குக் காதும் மூக்குந்தான் கண்ணு. சத்தங் காட்டாம வாங்கல" என்பார். அதற்குமேல் அந்தக் காலைப்பொழுதில் பேச்சே இராது.

திரும்பும் வழியில்தான் பாடம். ஓடை மணலில் பதிந்த தடங்களின் அருகே குந்தியிருந்து விளக்குவார். செந்நாயின் தடத்தில் நகம் பதியும். சிறுத்தையும் புலியும் நகத்தை உள்ளிழுத்துக்கொண்டு நடப்பதால் அவற்றின் தடத்தில் அது தெரியாது. இளகிய மண்ணில் பன்றியின் பின்குளம்புகள் இரண்டும் சேர்ந்து பதியும். யானையின் முன்கால் தடத்தைக் கயிற்றால் சுற்றி அளந்து, அந்த அளவை இரட்டித்தால் அதன் தோள் உயரம் கிடைத்துவிடும். இதைக் கேட்ட நாளில், வரவே வராத யானைக்காக இடுப்பில் அரைஞாண் கயிற்றோடு இன்னொரு கயிற்றையும் கட்டிக்கொண்டு திரிந்தவர் எங்களில் ஒருவர். இவற்றில் ஒன்றுகூடத் தாம் கண்டுபிடித்ததில்லை என்பதையும் தாத்தா மறக்காமல் சொல்வார். எல்லாம் மலையிலிருக்கும் காணிக்காரர்கள் சொல்லித் தந்தவை. அவர்களில் வயது முதிர்ந்த ஒருவர் ஆடி அமாவாசைக்குச் சொரிமுத்தையனார் கோயிலில் தாத்தாவைச் சந்திப்பார். இருவரும் பாறையில் அமர்ந்து வெற்றிலை போடுவார்கள். ஒரு மணி நேரத்தில் பத்து வார்த்தை பேசினால் அதிகம்.

வேட்டையைப் பற்றி அவர் தாமாக எதையும் சொன்னதில்லை. ஒருமுறை நீர்மருத மரத்தடியில், எதிர்க்கரையில் நீர் குடித்துக்கொண்டிருந்த மிளாவை வெகுநேரம் பார்த்தபின் சொன்னார்: "துப்பாக்கி கையில இருந்தப்போ ஒண்ணையும் ரெண்டு நிமிசத்துக்கு மேல பாத்ததில்லல." அதை வருத்தம் என்று கொள்வதா, வெறும் தகவல் என்று கொள்வதா என்பதில் எங்களுக்குள் இன்றும் ஒருமித்த கருத்து இல்லை.

1992 நவம்பர் வெள்ளத்தை நெல்லைச் சீமை மறந்திருக்காது. அன்று மாலை ஆற்றங்கரைக்குப் போனவர் உடனே திரும்பிவிட்டார். தண்ணீரின் நிறம் சரியில்லை, உச்சிமலையின் சருகும் வேரோடு பிடுங்கிய செடிகளும் மிதந்து வருகின்றன என்று சொல்லிக் கரையோரத் தெருவில் வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டினார். சிலர் கேட்டார்கள். சிலர் கிழவருக்கு எப்போதும் இதே வேலை என்றார்கள். எங்கள் வீட்டுக் கால்நடைகளை அவிழ்த்து மேட்டுக்கு ஓட்டும் பொறுப்பை அவர் தம் மக்களிடம் விட்டிருந்தார். இருட்டில் இரண்டு பசுக்கள் தப்பிப்போயின. அதற்காக அவர் யாரையும் கடிந்துகொள்ளவில்லை. எட்டு நாள் ஆற்றங்கரையோரமாகவே நடந்து தேடினார்.

இவ்வளவு சொல்லும்போது அத்தையின் வழக்கையும் சொல்லியாக வேண்டும். தாத்தாவுக்கு மூன்று மகன்கள், ஒரு மகள். மகன்கள் மூவரும் பத்து வயதுக்குள் காட்டைப் பார்த்துவிட்டவர்கள். அத்தையை அவர் ஒருநாள்கூடக் கூட்டிப்போனதில்லை. பேத்திகளை அழைத்துப் போகத் தயங்காதவர், மகளை ஏன் விட்டுவிட்டார்? "அந்தக் காலம் அப்படி" என்று பெரியப்பா சொல்வார். அத்தை அதை ஏற்றதில்லை. "காலமா என்னக் கதவச் சாத்தி உள்ள வச்சிது? அப்பால்லா வச்சாவ" என்று தாத்தாவின் முன்பாகவே ஒருமுறை கேட்டார். தாத்தா பதில் பேசாமல் வெற்றிலைச் செல்லத்தை மூடினார். நாங்கள் அவரைப் புனிதராக்கிப் பார்க்க விரும்பாததற்கு அந்த மௌனம் ஒரு காரணம்.

கடைசி நான்கைந்து ஆண்டுகளில் பார்வை மங்கிவிட்டது. சென்னைக்கு அழைத்த மகன்களிடம், அங்கே காதுக்கு என்ன வேலை என்று கேட்டு மறுத்துவிட்டார். திண்ணையில் அமர்ந்து குரலை வைத்தே பறவைகளை எண்ணுவார். அந்நாட்களில், தியடோர் பாஸ்கரன் தொகுத்த மா. கிருஷ்ணனின் 'மழைக்காலமும் குயிலோசையும்' நூலிலிருந்து நாங்கள் அவருக்கு வாசித்துக் காட்டுவதுண்டு. தாத்தா நூல் படித்து வளர்ந்தவர் அல்லர். எழுத்தின் மேல் பெரிய மரியாதையும் அவருக்குக் கிடையாது. ஆனால் இரண்டு கட்டுரைகள் முடிந்ததும், "இவரு பாத்துட்டு எழுதுறவரு. மேல படி" என்றார். எழுத்தைப் பற்றிப் பிற்பாடு எத்தனையோ விமர்சனங்களை வாசித்துவிட்டோம். இதைவிடச் சுருக்கமான அளவுகோல் எங்களுக்குக் கிடைக்கவில்லை.

அவர் மறைந்தபின் துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைத்தோம். அந்தக் கடைசி ரசீதும் கம்பியில் ஏறிற்று. பதினாறாம் நாள் அட்டையில் அவர் பெயருக்கு முன் என்ன போடுவது என்ற பேச்சு எழுந்தது. விவசாயி என்பது பாதி உண்மை. வேட்டைக்காரர் என்பதும் பாதி உண்மைதான். முடிவில் பெயரை மட்டும் அச்சிட்டார்கள்.

அஸ்தி கரைக்கப் பாபநாசத்துக்குச் சென்றது விடியுமுன். கூட்டம் வந்து மிதிக்காத ஈரமணல். தாத்தாவோடு காட்டுக்குப் போய்வந்த நாங்கள் எல்லோரும் படித்துறையை நோக்கி நடந்துகொண்டிருந்தோம். பின்னால் வந்த அத்தை சட்டென்று நின்றார். குனிந்து, ஒரு பாறையோரம் கிடந்ததை ஈர்க்குச்சியால் கிளறினார். மீன் செதிலும் முள்ளும் கலந்த எச்சம். அருகே, சவ்வு படர்ந்த விரல்களின் தடம், நீரிலிருந்து ஏறி மீண்டும் நீருக்கே இறங்கியிருந்தது.

"நீர்நாய். இப்பந்தான் போயிருக்கு" என்றார்.

உங்களுக்கு எப்படித் தெரியும் என்று எங்களில் யாரோ கேட்டுவிட்டோம். அறுபது வயதை நெருங்கிக்கொண்டிருந்த அத்தை நிமிர்ந்து எங்களைப் பார்த்தார். "அண்ணன்மாருக்குத் திண்ணையில உக்காந்து சொல்லிக் குடுப்பாவல்லா. நடைக்கதவுக்குப் பின்னால நான்தான நின்னுக்கிட்டிருந்தேன்" என்றார். பிறகு, தடத்தை மிதித்துவிடாமல் சுற்றிக்கொண்டு எங்களுக்கு முன்னால் நடந்தார்.