தந்தையார் விட்டுச் சென்ற கோப்பு

எங்கள் தந்தையார் 1968-ஆம் ஆண்டில் கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரஸில் தில்லி வந்து இறங்கியவர். 2008-இல் பணி ஓய்வு பெற்றதும் தமிழ்த் தட்டச்சைக் கற்றுக்கொண்டு, தம் நினைவுகளை வீட்டுக் கணிப்பொறியில் எழுதலானார். காலைக் காப்பி ஆனதும் ஒரு பக்கம். அதற்கு மேல் ஒருநாளும் எழுதியதில்லை. 2009 மார்ச்சில் நாங்கள் அப்பொறியிலிருந்த ஆவணங்களையெல்லாம் ஒரு புறவன்தட்டில் காப்புப்படி எடுத்து அலமாரியில் வைத்தோம். மறு ஆண்டு தந்தையார் மறைந்தார். கணிப்பொறியும் பழுதுற்றுக் கபாடிவாலாவிடம் சென்றது. தட்டு இருக்கிறதே என்ற தைரியம் எங்களுக்கு!

சென்ற ஆண்டு அன்னையாருக்குக் கண் மங்கியது. "உங்கப்பா எழுதினதை யாராவது படிச்சுக் காட்டுங்களேன்" என்றார்.

தட்டைப் புதிய கணிப்பொறியில் இணைத்தோம். இருந்தது ஒரே ஒரு கோப்பு. அதன் பெயரின் ஈற்றில் பி.கே.எஃப். என்னும் மூன்று எழுத்துகள். அது திறக்க மறுத்தது. அலுவலகக் கோப்பாயின் எந்தப் பிரிவுக்குப் போனாலும் நாடாவை அவிழ்த்தால் போதும். இதுவோ விண்டோஸ் எக்ஸ்பியின் காப்புக் கருவி கட்டிய மூட்டை. 2007-இல் வந்த விஸ்டா முதல் அக்கருவி விண்டோஸோடு வருவதில்லை.

நேரு பிளேஸில் பழுது பார்க்கும் இளைஞர் ஒருவர் கடை மூலையில் எக்ஸ்பி பொறி ஒன்றை வைத்திருந்தார். பழைய இருப்பிடத்துக்கன்றி வேறிடத்துக்கு மீட்கும்படி பணித்து, வெற்று அடைவு ஒன்றைக் காட்டினார். 47 ஆவணங்கள் வந்து விழுந்தன.

திறந்தால் தமிழைக் காணோம்! தலையில் புள்ளியும் கோடும் சுமந்த ஐரோப்பிய எழுத்துகள் பக்கம் பக்கமாக நின்றன. தந்தையார் பயன்படுத்தியது யூனிகோடுக்கு முற்பட்ட வழக்கிலிருந்த எழுத்துரு. அது விண்டோஸின் தனி அடைவில் இருந்தது; நாங்கள் படியெடுத்தவையோ ஆவணங்கள் மட்டுமே. இன்ன குறியீடென்று அறியாமல், எழுத்துருமாற்றியில் ஒவ்வொன்றாக இட்டுப் பார்த்தோம். 'டாம்' என்றபோது குழப்பமே மிஞ்சியது. 1999-இல் சென்னை மாநாட்டையொட்டி அதனுடன் வகுக்கப்பட்ட 'டாப்' குறியீட்டைத் தேர்ந்ததும், 'சிரஞ்சீவிகளுக்கு' என்ற சொல் திரையில் முளைத்தது. தங்கை அழுதுவிட்டாள்.

எல்லாவற்றையும் யூனிகோடுக்கு மாற்றி, தங்கை வீட்டுக் கணிப்பொறியிலும் திறந்து சரிபார்த்தோம். 2009-இலேயே படியை வேறொரு பொறியில் திறந்து பார்த்திருந்தால் எழுத்துருக் குறையேனும் அன்றே வெளிப்பட்டிருக்கும். அலுவலகத்தில் ஒரு நகலையும் ஒப்பிட்டுப் பாராமல் கையொப்பமிடாத எங்களுக்கு வீட்டில் அது தோன்றவில்லை.

இரவுதோறும் ஓர் ஆவணமாகப் படித்து வந்தோம். 1973-இல் ராமகிருஷ்ணபுரம் மலை மந்திர்க் குடமுழுக்குக்குச் சென்ற பகுதியில் அன்னையார் குறுக்கிட்டு, "குடையை மறந்தது நானில்லே, அவர்தான்" என்று திருத்தினார். 47-ஆம் ஆவணம் 1981-இல், தங்கை பிறந்த இரவோடு நிற்கிறது. அதன் பின்னும் ஓராண்டு தந்தையார் எழுதினார். நாங்கள் மறுபடி படியெடுக்கவில்லை.

"ம், மேலே படி" என்றார் அன்னையார்.

மேலே இல்லையென்று சொல்ல எங்களுக்கு நா எழவில்லை.