திரை வேறு, பெட்டி வேறு

தாம்பரம், குரோம்பேட்டை பக்கம் பிள்ளைகளுக்குக் கம்ப்யூட்டர் வாங்குகிறவர்களுக்கு திரையும் கம்ப்யூட்டரும் ஒன்றாகவே வரும் ஆல்-இன்-ஒன் மீது ஒரு கண். சின்ன ஃபிளாட், இடம் மிச்சம், வயர் குறைவு. ஆசை நியாயமானதுதான். ஆனாலும் இரண்டையும் தனித்தனியாகவே வாங்கச் சொல்வேன்.

நல்ல மானிட்டர் பத்தாண்டு உழைக்கும். பிராசசர் அதற்கு முன்பே பழசாகிவிடும். 2014-இல் ஆல்-இன்-ஒன்னாக வந்த 27 அங்குல 5கே ஐமேக்கின் திரை இன்றும் கண்ணுக்கு விருந்து. ஆனால் வேறொரு கம்ப்யூட்டருக்கு அதை அப்படியே மானிட்டராக இணைக்க ஆப்பிள் வழி வைக்கவில்லை. அத்தனை அருமையான திரை உள்ளே இருக்கும் போர்டோடு சேர்ந்து மூலைக்குப் போகிறதே என்று எனக்கு வயிற்றெரிச்சல்.

இடம்தான் கவலை என்றால் அதற்கும் வழி உண்டு. 2019-இல் டெல் நிறுவனம் ஆப்டிபிளெக்ஸ் 7070 அல்ட்ராவில் கம்ப்யூட்டரை மானிட்டர் ஸ்டாண்டுக்குள்ளேயே வைத்தது. இடமும் மிச்சம், திரையையும் தனியே மாற்றலாம். ஸ்டாண்டு மாட்டுவதற்கான வெசா துளையுள்ள மானிட்டரின் முதுகில் ஒரு மினி பிசியைத் திருகி மாட்டினால் நம் வீட்டிலும் அதே வசதிதான்.

இன்னொன்று. 2015 டிசம்பரில் அடையாறு பெருகி முடிச்சூர், வரதராஜபுரம் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. மேசைக்கடியில் தரையில் கிடக்கும் சிபியுதான் முதலில் நனையும். எதை வாங்கினாலும், தயவுசெய்து உயரத்தில் வையுங்கள்.